மாட்டுக் கொட்டாய்க்கு கல் சுவரும் லோங்காங்கும் (தண்ணி போற கால்வா): வேல சுத்தம்

மலேசியா, சுங்கை சிப்புட்ல நம்ம கொட்டாய்க்கு லோக்கல் கொன்ட்ரெக்டர் ஒருத்தர கூப்பிட்டோம், மேட்டுல இருந்து வர்ற மழத்தண்ணி பூரா உள்ளயே இறங்கி மாடுங்க சாணி சேத்துல குளம்பு ஊறி நிக்கும், பாக்கவே மனசு கேக்காது. ஆளு வேல தெரிஞ்சவரு. முத வரிச பெரிய கல்லுங்கள மண்ணுல புதைச்சு, 1 அடி உயரத்துக்கு 1 இஞ்ச் மேட்டுப் பக்கமா சாய்ச்சு அடுக்குனாரு, பின்னாடி சல்லிக்கல்லு, சேறு வந்து அடைக்காம இருக்க துணி, அடியில ஓட்ட போட்ட பைப், தண்ணி நேரா லோங்காங்குக்கு போயிடுது. பின்னாடி தேங்குற தண்ணிதான் சுவர தள்ளும், நிறைய பேரு அத விட்டுட்டு சிமெண்ட் மட்டும் பூசிட்டு போயிடுறாங்க, அப்புறம் சுவரு வயிறு தள்ளி நிக்குது. வெல கொஞ்சம் கூடதான், வாட்சப்புக்கு பதிலும் லேட்டு. ஆனா அடை மழையிலயும் இப்ப கொட்டாய்ல தண்ணி நிக்கல, தாராளமா கூப்பிடுங்க.