தனுஷ்கோடி ரோட்டில் சைக்கிள்: சில வருட அனுபவம்

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை ஒரு பக்கம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மேடு பள்ளம் கிடையாது, அதனால் யாரும் மிதித்துவிடலாம் என்றுதான் தோன்றும். தூரம் இங்கே ஒரு கணக்கே இல்லை, காற்றுதான் கணக்கு. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை, இரண்டுமே பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும், ஏனென்றால் ரோடு தென்கிழக்காகப் போகிறது. போகும்போது பெரிதாகத் தெரியாது, திரும்பி வரும்போது கொஞ்சம் எதிர்க்காற்றாகவும் மாறி ஆளைக் கொன்றுவிடும். அதனால் தெம்பில் பாதியை வரும் வழிக்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டிய ரோடு 2017இல் திறந்தது. அதற்கு முன் மணலில் வேன்தான். இன்று தார் ரோடு வழுவழு என்று இருந்தாலும் காற்று நாளில் மணல் மேலே படிந்துவிடும், ஒல்லி டயர் என்றால் சறுக்கும். நான் அகல டயர்தான் வைத்திருக்கிறேன், காற்றும் கொஞ்சம் குறைவாகவே அடிப்பேன்.

அப்புறம் உப்பு. இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. செயின், ஸ்போக்ஸ், பிரேக் கேபிள், சீட் போல்ட் எல்லாம் துரு பிடிக்கும், அதுவும் கடலோரம் இல்லாத ஊர்களைவிட ரொம்ப வேகமாக. வீட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால்தான் தாங்கும் (தீவில் நல்ல தண்ணீருக்குப் படும் கஷ்டத்தில் சைக்கிளுக்கு ஒரு குடமா என்று வீட்டில் திட்டு விழும், விழட்டும்). கியர் வண்டி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சமதரையில் அதற்கு வேலையே குறைவு, துருப்பிடிக்க இன்னும் நாலு சாமான் சேரும், அவ்வளவுதான்.

கடற்கரையில் நடக்க வேண்டுமென்றால் சீசன் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கச்சான் காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடையில் அப்படியே தலைகீழ். குளிர்காலக் காலையில் உப்பங்கழிப் பக்கம் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம், 1964 புயலில் அழிந்த சர்ச்சின் சுவர்களும் வழியில்தான். முனையில் கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுக்கும்.

பாம்பன் ரோட்டுப் பாலம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல், சைக்கிளுக்குத் தனிப் பாதை கிடையாது, புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க வண்டிகளை நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். விடியலில் கடந்தால் சரி.

நிழல் கிடையாது, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். சனி, ஞாயிறு வேன் கூட்டம் தாங்காது, வார நாளில் போங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், பஞ்சர் சாமான், கைப் பம்பு கட்டாயம், நடுவழியில் பஞ்சர் ஒட்டும் கடை இல்லை.