டிசம்பர், ஜனவரிக்குச் சென்னையா, மெல்பர்னா?

மெல்பர்னுக்கு வேலைக்குப் போன பிறகு எனக்கு டிசம்பர் என்றால் கோடை. சென்னையில் அதே மாதம் மழை ஓய்ந்து, விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை, மாலையில் சபா கச்சேரி, கேன்டீன் காபி, ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. அங்கேயோ ராத்திரி எட்டே முக்கால் வரை சூரியன் மறையாது, பிள்ளைகளைத் தூங்க வைப்பது பெரும்பாடு, ஆனால் வேலை முடிந்து கடற்கரைக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். கிறிஸ்துமஸ் விருந்தைப் பலர் தோட்டத்தில் வைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் எம்சிஜி எனும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் பாக்ஸிங் டே டெஸ்ட். இதற்கு ஈடாகச் சென்னையில் எதுவும் இல்லை.

வெயிலும் வேறு. 40 டிகிரி வறண்டு கொளுத்தும், அப்புறம் தெற்கிலிருந்து காற்று திரும்பினால் சட்டென்று குளிர்ந்துவிடும். நம்ம ஊர் மே மாதப் புழுக்கம் கிடையாது.

பொங்கல்தான் மனதைப் பிசையும். அரசு விடுமுறை இல்லை. வெளியே விறகு மூட்டிப் பானை வைக்கலாமென்றால், காட்டுத்தீ அபாயத்தால் தீ மூட்டத் தடை விதித்த நாளில் அதுவும் முடியாது, சமையலறை அடுப்பில்தான் பால் பொங்க வேண்டும். தை பிறக்கும்போது சென்னையில் பகல் நீண்டுகொண்டு போகும், அங்கே குறைந்துகொண்டு வரும். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

லீவு கொஞ்சம்தான் என்றால் கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் அங்கேயே கொண்டாடிவிட்டு, போகிக்கு முன் சென்னையில் இறங்குங்கள், காணும் பொங்கலன்று மெரினா கூட்டத்தையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.