வேறு பைட் வரிசை வட்டு: டிடி ஸ்வாப்பா, கர்னல் டிரைவரா?

ஸ்பார்க் செயலியில் சன் நிறுவனத்தின் சொலாரிஸ் இயங்குதளத்தோடு ஓடிய யுஎஃப்எஸ் (யுனிக்ஸ் கோப்பு முறைமை) வட்டை இன்டெல் லினக்ஸில் மாட்டி, யுஎஃப்எஸ் வகையைச் சொல்லாமல் மவுண்ட் செய்தால் ஏற்காமல் போகலாம். "பைட் வரிசை வேறு, டிடி-யில் ஸ்வாப் போடு" என்று உடனே யாராவது சொல்வார்கள். டிடி வட்டை நகலெடுக்கும் கட்டளை; ஸ்வாப் (swab) அதில் பைட்டுகளை இடம் மாற்றும் விருப்பம். நான், வட்டை அப்படியே படிக்கும் கர்னல் டிரைவர் பக்கம்.

ஸ்வாப் வட்டு முழுவதையும் இரண்டிரண்டு பைட்டாக இடம் மாற்றுகிறது. பிக்-எண்டியன் (எண்ணின் பெரிய பைட் முதலில் வரும்) கோப்பு முறைமையில் மாற வேண்டியவை ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு) எண், பிளாக் எண், நேரம் போன்ற எண்கள் மட்டுமே. கோப்புப் பெயர்களும் உள்ளடக்கமும் ஏற்கெனவே சரியாகத்தான் கிடக்கின்றன. ஸ்வாப் போட்டால் 32 பிட் எண் பாதிதான் திரும்பும். நன்றாக இருந்த உரையும் குலையும்.

லினக்ஸின் யுஎஃப்எஸ் டிரைவர் வரிசையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் யுஎஃப்எஸ்டைப் விருப்பத்துக்கு 'சன்' என்று நாம்தான் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் 'ஓல்ட்' என்று எடுத்துக்கொள்ளும். படிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள். பார்ட்டிஷன்களே தெரியவில்லையா? கர்னலில் சன் லேபிள் (சன் கணினிகளின் பார்ட்டிஷன் அட்டவணை) ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸுக்குப் பதில் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் மாட்டினால், அதன் கர்னலில் எஃப்எஃப்எஸ்_இஐ விருப்பம் வேண்டும். சரியாக மூடப்படாத வட்டில் கடைசி மாற்றங்கள் தெரியாமல் போகலாம்.

முடிவு செய்ய, யுஎஃப்எஸ்ஸின் அடையாள எண்ணான நாலே நாலு பைட் போதும். யுஎஃப்எஸ்1 பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 9564-ஆவது பைட்டில் (கோப்பு முறைமையின் தலைப்பு விவரமான சூப்பர்பிளாக் 8192-இல், அதற்குள் 1372) பாருங்கள். 00 01 19 54 என்றால் பிக்-எண்டியன், டிரைவரே போதும். 54 19 01 00 என்றால் லிட்டில்-எண்டியன் (சிறிய பைட் முதலில்). சிக்கல் வேறு எங்கோ. 01 00 54 19 என்றால்தான் வட்டே இரட்டை இரட்டையாகப் புரண்டிருக்கிறது. இங்கே ஒரு பொறி: பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையை வெறுமனே ஓட்டினால் 16 பிட் சொற்களாக, ஓடும் கணினியின் வரிசையில் காட்டும். இன்டெல்லில் நல்ல வட்டுகூட 0100 5419 என்று தெரியும். அதை நம்பித்தான் பலர் ஸ்வாப்புக்குப் போகிறார்கள். பெரிய எழுத்து சி விருப்பத்தோடு, பைட் பைட்டாகப் பாருங்கள்.

ஸ்வாப்புக்கும் இடமுண்டு. அடாரி ஃபால்கன் போல ஐடிஇ (பழைய வட்டு இணைப்பு) தரவுக் கம்பிகளே மாற்றி இணைக்கப்பட்ட கணினிகளின் வட்டில் உரையும் சேர்ந்தே புரண்டிருக்கும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுப்புக் கருவியால் இமேஜ் எடுத்து, நகலில் மட்டும் ஸ்வாப் செய்யுங்கள். இரண்டாவது நகலுக்கு இடமில்லை என்றால் என்பிடிகிட் (இமேஜை வட்டாகக் காட்டும் சர்வர்) தரும் ஸ்வாப் வடிகட்டி படிக்கும்போதே திருப்பித் தரும்.

மவுண்ட் ஆன பிறகும், பழைய நிரல்கள் பைனரியாக எழுதிய தரவுத்தளக் கோப்புகளுக்குள் இருக்கும் எண்கள் பிக்-எண்டியனாகவே இருக்கும். அவற்றை அந்தந்த நிரலின் ஏற்றுமதி வழியாகத்தான் எடுக்க வேண்டும்.