மாடல் எண்ணைச் சொல்லாமல் விற்கப்படும் மலிவு லேப்டாப்கள்: ஓர் எச்சரிக்கை

என் தங்கை மகளின் கல்லூரிப் படிப்புக்காக இணையத்தில் வாங்கிய லேப்டாப்பில் நாங்கள் ஏமாற்றப்பட்ட விதத்தை, அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருப்பதால், விரிவாகப் பதிவு செய்கிறேன். விற்பனையாளர் தந்த விவரத்தில் "இன்டெல் பிராசசர், 2.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை, 1 டெராபைட்டுக்கும் மேற்பட்ட சேமிப்பு, மாணவர்களுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் ஏற்றது" என்று இருந்தது. மாடல் எண் எங்கும் இல்லை. வாங்கும் முன்பே அதைக் கேட்டோம்; "புதிய தலைமுறை இன்டெல், வேகத்துக்குக் குறை இருக்காது" என்பதுதான் கிடைத்த பதில்.

பெட்டி வந்து, விண்டோஸ் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் உள்ளே இருப்பது இன்டெலின் மலிவு ரகச் சிப்பான செலரான் என்4020 (N4020) என்பது தெரிந்தது. அது 2019-இன் இறுதியில் வெளிவந்த, இரண்டே கோர்கள் (கணக்கீட்டைச் செய்யும் மையங்கள்) கொண்ட, குறைந்த மின்சாரத்தில், 6 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்ட சிப். அதன் அடிப்படை வேகம் 1.1 ஜிகாஹெர்ட்ஸ். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 2.8 என்பது, சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை மட்டும் அது எட்டக்கூடிய உச்சம். மின்விசிறியே இல்லாத மெல்லிய கணினியில் எடிட்டிங் போன்ற இடைவிடாத வேலையைக் கொடுத்தால் அந்த உச்சம் நிலைப்பதில்லை. வேகம் இறங்கி, சிப்பின் சுமையைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 100 சதவீதம் காட்டியபடியே நின்றுவிடுகிறது.

ஜிகாஹெர்ட்ஸை மட்டும் சொல்லி விற்பதில் இன்னொரு வஞ்சகமும் இருக்கிறது. நொடிக்கு எத்தனை சுற்று என்பதை அந்த எண் சொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாது. 'என்' (N) என்ற எழுத்தில் தொடங்கும் எண் கொண்ட செலரான்கள், 2008-இல் நெட்புக் என்ற சிறிய மலிவுக் கணினிகளோடு அறிமுகமான இன்டெலின் ஆட்டம் சிப்களின் வழிவந்தவை. அதே 2.8-ஐக் காட்டும், இன்டெலின் உயர்ரகமான 'கோர்' (Core) வரிசைச் சிப் ஒன்று ஒரு சுற்றில் கணிசமாகக் கூடுதல் வேலையை முடிக்கும். பெயரை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்டெலின் இன்னொரு மலிவு வரிசையான பென்டியத்தில், பென்டியம் சில்வர் ஆட்டம் வழியைச் சேர்ந்தது, பென்டியம் கோல்டு கோர் வழியைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு, 2023 முதல் தொடக்கநிலை லேப்டாப்களில் செலரான், பென்டியம் பெயர்களை விட்டுவிட்டு, வெறுமனே "இன்டெல் பிராசசர்" என்ற பெயரையே இன்டெல் நிறுவனம் கொண்டுவந்தது. அந்தப் பெயரில் வந்த என்100 (N100) என்ற சிப் நான்கு கோர்களும் 3.4 ஜிகாஹெர்ட்ஸ் உச்சமும் கொண்டது. ஆகவே "இன்டெல் பிராசசர்" என்று மட்டும் எழுதி ஒரு பழைய சிப்பைப் புதியதாக நம்பவைப்பது விற்பனையாளருக்கு எளிதாகிவிட்டது.

அந்த 1 டெராபைட் கணக்குதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. கணினியில் இருப்பது 64 ஜிபி இஎம்எம்சி (eMMC), அதாவது எஸ்எஸ்டியைவிட மெதுவான மலிவு ரகச் சேமிப்பு. மீதி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இணையம் வழியே தரப்படும் மேகச் சேமிப்பு. விண்டோஸ் 11-க்கான குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி இடமும் 4 ஜிபி ரேமும்தான் என்பதால், சில அப்டேட்கள் வந்ததும் இடம் தீர்ந்துவிட்டது. இஎம்எம்சி, ரேம் இரண்டுமே போர்டில் பற்றவைக்கப்பட்டவை. பின்னால் மாற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. வீடியோ பார்ப்பதிலும் சிக்கல் வந்தது. இணைய வீடியோக்களைச் சுருக்கி அனுப்பப் பயன்படும் ஏவி1 (AV1) வடிவத்தை விரித்துக் காட்டும் வன்பொருள் இந்தச் சிப்பில் கிடையாது. அந்த வடிவில் வீடியோ வந்தால் முழுச் சுமையும் அந்த இரண்டு கோர்களின் மேல் விழுந்து, படம் திக்கித் திக்கி ஓடுகிறது.

திருப்பித் தரக் கேட்டபோது, "பொருளில் பழுது இல்லை, விளம்பரத்தில் சொன்ன எதுவும் பொய் இல்லை" என்று எழுதி மறுத்துவிட்டார்கள். வீடியோ எடிட்டிங்குக்கு ஏற்றது என்று எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டியதற்கு இதுவரை பதில் இல்லை.

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிப்களை நான் பழிக்கவில்லை. கட்டுரை எழுத, மின்னஞ்சல் பார்க்க, இரண்டு மூன்று இணையப் பக்கங்களைத் திறந்து படிக்க அவை போதும். சத்தமும் இருக்காது, பேட்டரியும் நீடிக்கும். அதை உள்ளபடி சொல்லி விற்றிருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது. மலிவு போன்களின் "ஆக்டா கோர்" விளம்பரத்திலும் இதே தந்திரம் உண்டு: எட்டு கோர்களும் 2012-இல் அறிவிக்கப்பட்ட கார்டெக்ஸ் ஏ53 என்ற சிக்கனக் கோர்களாகவே இருக்கலாம். வேகமான பெரிய கோர் ஒன்றுகூட இல்லாத அந்த எட்டு, இரண்டு பெரிய கோர்களோடு ஆறு சிறியவை சேர்ந்த எட்டுக்கு அன்றாட வேலையில் ஈடாகாது.

வாங்கவிருப்பவர்கள் பிராசசரின் முழு மாடல் எண், கோர்களின் எண்ணிக்கை, சேமிப்பு எஸ்எஸ்டியா இஎம்எம்சியா, கணினிக்குள்ளேயே இருக்கும் அளவு எவ்வளவு, ரேமைக் கூட்ட முடியுமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். மாடல் எண் கிடைத்ததும் தயாரிப்பாளரின் தளத்தில் அது வெளிவந்த ஆண்டையும் அடிப்படை வேகத்தையும் பாருங்கள். எண்ணைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பணம் கட்ட வேண்டாம். விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது கொடுத்திருக்கும் புகாருக்கு ஆதாரமாக இருப்பவை அவைதான்.