ஊதிச் செய்த கண்ணாடியா, மெஷின் கண்ணாடியா?

கையால் செய்பவர், சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் தேன் போல இழுபடும் கண்ணாடியை இரும்புக் குழாய் நுனியில் சுருட்டியெடுத்து, ஊதி, உருட்டிக்கொண்டே இருப்பார். கை நின்றால் வடிவம் கோணிவிடும். மெஷினுக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. உருகிய கண்ணாடியைத் துண்டுகளாக வெட்டி அச்சில் விட்டு, காற்றழுத்தம் கொடுத்தால் பாட்டில் ரெடி. 1903-இல் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்ததும் பாட்டில் ஊதுகிறவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடினால் அச்சில் வார்த்தது. செய்யும்போது பிடித்துக்கொள்ள அடியில் ஒட்டிய இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு இருந்தால் பெரும்பாலும் கைவேலை (சிலர் அதையும் தேய்த்து மழுப்பிவிடுவார்கள்). மெதுவாக ஆறவிடாவிட்டால் இரண்டுமே விரிசல் விடும்.

மூடி போடும் ஜாடிக்கு என் ஓட்டு மெஷினுக்குத்தான், வாய் அளவு மாறாது. பூ ஜாடி என்றால் கைவேலை.