மரை தேடுற கண்ணுக்கு ஒரு பைனாக்குலர்: அஞ்சு குளிர்கால அனுபவம்

நான் ஸ்வரோவ்ஸ்கி என்எல் பியூர் 10×42 பைனாக்குலர் வாங்கினது 2021 ஆனியில. அஞ்சு குளிர்காலம் அதோட மலை ஏறி இறங்கியாச்சு, மழை, பனி, சேறு எல்லாம் பாத்திட்டுது, அதால இப்ப எழுதினா ஆருக்கும் பிரயோசனப்படும் எண்டு நினைக்கிறன். கடையில பத்து நிமிசம் பிடிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறதுக்கும் இதுக்கும் கன வித்தியாசம் இருக்கு.

முதல்ல நான் எங்க, என்னத்தைத் தேடிப் போறன் எண்டு சொல்லோணும், அதைச் சொல்லாம எது நல்ல பைனாக்குலர் எண்டு கதைக்க ஏலாது. நான் இருக்கிறது அவுஸ்திரேலியாவில மெல்பேர்ணில, வேட்டைக்குப் போறது விக்ரோரியா மாநிலத்து மலைப்பக்கம், மான்ஸ்ஃபீல்ட், ஜேமிசன், ஹவ்குவா ஆத்துப் பக்கம், சில வருசம் டார்கோ. தேடுறது சாம்பர், அதாவது எங்கட வன்னியில மரை எண்டு சொல்லுற அதே மிருகம். 1860களில இலங்கை, இந்தியாப் பக்கம் இருந்து கப்பலில கொண்டந்து விக்ரோரியாவில விட்டதுகள், இண்டைக்கு கிழக்கு மலை முழுக்கப் பெருகிக் கிடக்கு. ஊரில மரையைச் சுடுறது குற்றம், அது அப்பிடித்தான் இருக்கவும் வேணும், அங்க மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தோணும். இஞ்ச அது வெளியால வந்த மிருகம், மரப்பட்டையை உரிச்சு, மலை ஈரநிலத்தை மிதிச்சு நாசமாக்குது, கேம் லைசன்ஸ் (வேட்டை அனுமதி) எடுத்தா வருசம் முழுக்க நடந்து வேட்டையாடலாம். முதல் தரம் எதிர்ச் சரிவில ஒரு கொம்பன் மரை நிண்டதைக் கண்டவுடன எனக்கு ஊர்க் காடு தான் ஞாபகம் வந்தது, கையெல்லாம் நடுங்கினது.

ஆனா மரை உங்களுக்குக் காட்டுறது முழு உடம்பை இல்லை. கரும் மண்ணிறம், பன்னப் (பேர்ன் செடி) பற்றைக்குள்ள, எரிஞ்ச மரக்குத்தியளுக்கு நடுவில அசையாம நிக்கும். நீங்கள் காணுறது ஒரு வட்டக் காது, முதுகின்ர ஒரு கோடு, இல்லாட்டி கிளையோட கிளையாத் தெரியிற ஒரு கொம்பு நுனி. வெறும் கண்ணால நடந்து கொண்டு தேடினா அது உங்களை முந்திக் கண்டு பெரிய சத்தமா ஒரு குரல் குடுத்திட்டுப் போயிடும், அந்தக் குரல் கேட்டா அந்தப் பள்ளத்தாக்கில அண்டைய வேலை முடிஞ்சுது. அதால இந்த வேட்டை முக்கால்வாசி இருந்து பாக்கிற வேலை. விடியக்காலமை வெயில் விழுற வடக்கு, கிழக்குச் சரிவுக்கு எதிர்ப்பக்கம் போய் இருந்து (இந்த நாட்டில வெயில் வடக்கால வரும், புதுசா வாற ஆக்களுக்கு இது பிடிபட ஒரு வருசம் எடுக்கும்) ரெண்டு மூண்டு மணித்தியாலம் சரிவைக் கோடு கோடாப் பிரிச்சுப் பாக்கோணும்.

நான் துவங்கேக்க நல்ல துவக்கு ஒண்டுக்குக் காசைக் கொட்டிப்போட்டு பைனாக்குலருக்கு மிஞ்சின காசில ஒரு மலிவு 10×50 வாங்கினனான். கம்பெனி பேர் வேண்டாம். ரெண்டாவது பயணத்திலயே ஒரு மழையோட உள்ளுக்க ஆவி பிடிச்சு, மத்தியானம் மட்டும் ஒண்டும் தெரியேல்லை. அதைவிட மோசம், ரெண்டு குழாயும் ஒரே திசையைப் பாக்கேல்லை. கடையில அது தெரியாது, மூளை அதைச் சரிக்கட்டிக் கொண்டு போகும், ஆனா அரை மணித்தியாலத்தில கண்ணுக்குப் பின்னால ஒரு நோவு வரும், பிறகு நீங்கள் உங்களுக்கே தெரியாமப் பாக்கிறதைக் குறைச்சுப் போடுவியள். எனக்கு அந்த ரெண்டு வருசமும் மரை இல்லாத மலை மாதிரித் தான் இருந்தது. பிறகு டண்டினோங்கில இருக்கிற அண்ணை ஒருத்தர் (அவர் இஞ்ச முப்பது வருசமா வேட்டைக்குப் போறவர்) தன்ர பைனாக்குலரைத் தந்து அதே சரிவைப் பாக்கச் சொன்னார். நான் ஒரு மணித்தியாலமாப் பாத்து ஒண்டும் இல்லை எண்ட இடத்தில மூண்டு மரை படுத்திருந்ததுகள்.

அதுக்குப் பிறகு ஒரு வருசம் காசு சேர்த்தனான், சேர்க்கேக்க படிச்சனான். எண்களைப் பற்றி நான் விளங்கிக் கொண்டதைச் சொல்லுறன். 10×42 எண்டா பத்து மடங்கு பெருக்கம், முன் லென்ஸ் 42 மில்லிமீற்றர். 42ஐப் பத்தால பிரிச்சா 4.2, அது தான் கண்ணுக்குள்ள வாற வெளிச்ச வட்டத்தின்ர அகலம். 8×42இல 5.25, 8×56இல 7. இளம் வயசில கண்மணி இருட்டில 7 மில்லிமீற்றர் மட்டும் விரியும், வயசு போகப் போகக் குறையும். எனக்கு அம்பத்திரண்டு, என்ர கண் அஞ்சுக்குக் கிட்டத் தான் விரியும் போல, அப்ப 8×56 தாற ஏழு மில்லிமீற்றரில ஒரு பங்கு என்ர கண்ணுக்கு வெளியால வீணாப் போகும், கழுத்தில ஒரு கிலோவுக்கு மேல தொங்கும். இருபத்தஞ்சு வயசுப் பெடியனுக்குக் கணக்கு வேற. ட்வைலைட் எண் எண்டு இன்னொண்டு பெட்டியில போடுவினம், பெருக்கத்தையும் லென்ஸ் அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறது. அந்தக் கணக்கில என்ர பழைய மலிவு 10×50க்கு 22.4, என்எல்லுக்கு 20.5. பொழுது படேக்க ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா மலிவானது கனக்க முந்தியே செத்துப் போகும். அந்தச் சூத்திரத்துக்குக் கண்ணாடியின்ர தரம், பூச்சு, உள்ளுக்க சிதறுற வெளிச்சம் ஒண்டும் தெரியாது, அதால அதைப் பாத்து வாங்காதேங்கோ.

நேர்க் குழாய்ப் பைனாக்குலரில வெளிச்சம் கூரை மாதிரி இருக்கிற ஒரு பிரிசத்தில பட்டு ரெண்டாப் பிரிஞ்சு திரும்பச் சேரும், சேரேக்க அலை ஒண்டுக்கொண்டு பிசகினா படம் மங்கும். அதைச் சரிப்படுத்துற பேஸ் கோட்டிங் எண்ட பூச்சை ஸைஸ் எண்ட ஜேர்மன் கம்பெனி 1988இல கொண்டு வந்தது, அதுக்கு முந்தின கூரைப் பிரிசப் பைனாக்குலர் ஆரும் மலிவா வித்தா, பேர் எவ்வளவு பெரிசா இருந்தாலும் வேட்டைக்கு எடுக்க வேண்டாம்.

கடைசியில மூண்டு தான் மிஞ்சினது, மூண்டும் 10×42. ஸைஸ் விக்ரரி எஸ்எஃப், லைக்கா நொக்ரிவிட், என்எல் பியூர். நான் கடைக்காரரிட்ட கேட்டு ஆனி மாசம் பின்னேரம் நாலரைக்குப் போனனான், அந்த மாசம் மெல்பேர்ணில அஞ்சு மணி தாண்ட பொழுது படும். கடை லைற்றுக்குக் கீழ எல்லாக் கண்ணாடியும் நல்லாத் தான் இருக்கும். வெளியில வாசலில நிண்டு எதிர்ப் பக்கம் மரநிழலுக்குள்ள பாத்தனான், பிறகு படுற வெயிலுக்குக் கிட்டவாத் திருப்பி (வெயிலை நேரப் பாக்காதேங்கோ, கண் போயிடும்) படம் வெளிறுதோ எண்டு பாத்தனான். லைக்காவின்ர நிறம் எனக்கு நல்லாப் பிடிச்சது, ஒரு சூடான, ஆழமான நிறம், அதை இப்பவும் நினைப்பன். ஸைஸ் 780 கிராம், கையில பிடிக்க மூண்டிலயும் இலேசு, பாரம் பின்பக்கம் இருக்கிறதால இன்னும் இலேசாத் தெரியும். என்எல் 850 கிராம் அளவில. ஆனா பார்வை அகலம் ஆயிரம் மீற்றரில லைக்காவுக்கு 112 மீற்றர், ஸைஸுக்கு 120, என்எல்லுக்கு 133. நான் வழமையாப் பாக்கிற 400 மீற்றர்ச் சரிவில அது 45க்கும் 53க்கும் உள்ள வித்தியாசம். கண்ணாடியை அசைக்காம ஒரு இடத்தில வைச்சு கண்ணை மட்டும் ஓட விட்டுத் தேடுற ஆளுக்கு அது பெரிய விசயம், ஓரத்தில ஒரு காது அசைஞ்சா அது அந்த எட்டு மீற்றருக்குள்ள தான் அசையும். அதோட நான் மூக்குக்கண்ணாடி போடுறவன், என்எல்லில 18 மில்லிமீற்றர் கண் தூரம் (கண்பக்க லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில விடக்கூடிய இடைவெளி) இருக்கிறதால முழு வட்டமும் தெரியுது. நாலாயிரம் டொலருக்கு மேல போச்சு. வீட்டில முதலே கதைச்சுச் சம்மதம் வாங்கித் தான் எடுத்தனான்.

அஞ்சு வருசத்தில விளங்கினது என்னெண்டா, அந்தக் காசு தூரத்தைக் கிட்டக் காட்டுறதுக்கு இல்லை. மலிவானதும் பத்து மடங்கு தான் காட்டும். காசு போறது ரெண்டு இடத்துக்கு. ஒண்டு, மூண்டாவது மணித்தியாலத்திலயும் கண் நோகாம முதல் நிமிசம் மாதிரி பாக்கிறது. மற்றது கடைசி இருபது நிமிச வெளிச்சம். இஞ்ச சட்டம் சூரியன் உதிக்க அரை மணித்தியாலத்துக்கு முந்தி இருந்து, பட்டு அரை மணித்தியாலம் மட்டும், மரை வெளியால வாறதும் அந்த விளிம்பில தான். போன வருசம் ஆடி மாசம் ஹவ்குவாப் பக்கம் அப்பிடி ஒரு பின்னேரம், வெறும் கண்ணுக்குச் சரிவு முழுக்க ஒரே சாம்பல், கண்ணாடிக்குள்ள ஒரு விழுந்த மரக்குத்தி, அதைப் பாத்துக் கொண்டே இருந்தன், குத்திக்குக் காது வந்தது. பெட்டை. இன்னும் பாத்தன், அதின்ர வயித்துக்குக் கீழ பன்னத்துக்குள்ள ஒரு குட்டியின்ர கால். பெட்டையைச் சுடச் சட்டம் விடும், ஆனா குட்டி கீழ நிக்கிறதைக் கண்டாப் பிறகு நான் துவக்கைத் தொடமாட்டன். அதைத் தெளிவாக் காட்டினதுக்கே இந்தக் கண்ணாடிக்கு நான் நன்றி சொல்லுவன்.

இன்னொரு விசயம், இதை வடிவா வாசியுங்கோ. துவக்கில பூட்டின ஸ்கோப் இருக்குத் தானே, பைனாக்குலர் என்னத்துக்கு எண்டு கன பேர் கேக்கினம். ஸ்கோப்பால தேடுறது எண்டா என்னெண்டு தெரியாத ஒண்டை நோக்கி துவக்கை நீட்டுறது. 2023இல ஒரு விடியக்காலமை முந்நூறு மீற்றரில பற்றைக்குள்ள மண்ணிறமா ஒண்டு மெதுவா நகர்ந்தது, உயரமும் மரை மாதிரித் தான். என்எல்லை எடுத்துப் பாத்தன், மண்ணிற ஜக்கெற் போட்ட ஒரு மனிசன், குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டுறார். துவக்கு என்ர மடியில சேம்பர் (குண்டு போடுற அறை) வெறுமையாக் கிடந்தது. அப்பிடி இருந்தும் எனக்கு அண்டைக்கு முழுக்க நெஞ்சு படபடத்தது. அந்த மனிசனுக்கு நான் பாத்தது கூடத் தெரியாது. பைனாக்குலர் இல்லாம என்னோட மலைக்கு வாறன் எண்டு ஆர் சொன்னாலும் நான் கூட்டிக் கொண்டு போறேல்லை.

பெருக்கம் எட்டோ பத்தோ எண்டது தான் எல்லாரும் கேக்கிற கேள்வி. இருந்து எதிர்ச் சரிவைப் பாக்கிறவருக்குப் பத்து. நெருக்கமான காட்டுக்குள்ள மெதுவா நடந்து அறுபது, எண்பது மீற்றருக்குள்ள தேடுறவருக்கு எட்டு, வெளிச்சம் கூட, கை நடுக்கம் குறைவாத் தெரியும், பார்வை அகலம். பன்னிரண்டைக் கையில பிடிச்சுப் பாக்க வேண்டாம். பத்தை ஒரு சின்ன ட்ரைபொட்டில பூட்டிப் பாருங்கோ, கையில பிடிச்ச பன்னிரண்டை விட அதில கனக்கத் தெரியும், நான் அதை மூண்டாவது வருசம் தான் செய்து பாத்தன், முதலே செய்திருக்கோணும். ட்ரைபொட் இல்லாட்டி மரத்தில முதுகைச் சாய்ச்சு, முழங்கையை முழங்காலில ஊண்டி, தொப்பி விளிம்பை விரலால கண்ணாடியோட சேர்த்துப் பிடியுங்கோ.

850 கிராம் எண்டது காலமை ஒண்டும் இல்லை, பின்னேரம் கழுத்தை அறுக்கும், அதால கழுத்துப் பட்டியைக் கழட்டிப்போட்டு நெஞ்சில பூட்டுற ஹார்னஸ் போட்டன். குளிருக்க கண்ணாடியை ஜக்கெற்றுக்குள்ள வைச்சு வெளியால எடுத்தா மூச்சு ஆவி பட்டு மங்கும், வெளியிலயே விட்டு, மூச்சைக் கீழ்ப்பக்கமா விடுங்கோ. உள்ளுக்க நைதரசன் அடைச்சுச் சீல் பண்ணினபடியா உள்ப்பக்கம் ஆவி ஒரு நாளும் பிடிக்கேல்லை. லென்ஸில மண் பட்டா சேட்டு நுனியால துடைக்க வேண்டாம், முதல் ஊதி, பிறகு தூரிகை, கடைசியாத் தான் துணி.

தூரம் அளக்கிற லேசர் உள்ளுக்க உள்ளதா, லைக்கா ஜியோவிட் மாதிரி, எடுக்கலாமோ எண்டும் யோசிச்சனான். எனக்கு அது தேவைப்படேல்லை, நான் இருநூறு மீற்றருக்கு மேல வெடி வைக்கிறேல்லை.

இவ்வளவு காசு இல்லையெண்டா வெக்கப்பட ஒண்டும் இல்லை. செக் நாட்டு மெயோப்ரா மெயோஸ்ரார் நல்ல கண்ணாடி, இல்லாட்டி ஸ்வரோவ்ஸ்கியின்ர பழைய ஈஎல், எஸ்எல்சி மொடல் பாவிச்சதாத் தேடுங்கோ, ரெண்டு குழாயும் ஒத்துப் பாக்குதோ எண்டு தூரத்து மின்கம்பத்தில பாத்து, அரை மணித்தியாலம் விடாமப் பாவிச்சுப் பாத்துத் தான் காசு குடுங்கோ. துவக்கில ஆயிரம் டொலர் குறைச்சு இதில போடுங்கோ, .270 (குழாய் அளவு) துவக்கு பழசெண்டாலும் 130 கிரெய்ன் (குண்டின்ர நிறை) குண்டோட மரைக்குச் சட்டப்படி காணும்.

என்ர கண்ணாடியின்ர இடப்பக்க றபர் ஹார்னஸ் உரஞ்சி கொஞ்சம் மினுங்குது, போக்கஸ் சில்லு முதல் நாள் மாதிரியே சுத்துது. மகன் இந்த வருசம் லைசன்ஸ் எடுத்திட்டான், அவனுக்கு 8×42 பாக்கிறம், வாற ஆனியில பின்னேரம் நாலரைக்கு அதே கடைக்குப் போவம்.