தனுஷ்கோடிக் கொட்டகையா, பாம்பன் மெஸ்ஸா?

தனுஷ்கோடியில், 1964 புயல் விட்டுவைத்த இடிபாடுகளுக்கு அருகே, ஓலைக் கொட்டகைகளில் மீன் பொரிக்கிறார்கள். மசாலா தடவி அடுக்கிய மீனில் நாம் காட்டுவதைத் தோசைக்கல்லில் போடுவார்கள். ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும். விலையை முதலிலேயே பேசிவிடுங்கள். நான் விலை பேசாமல் தின்றுவிட்டுத் திருதிருவென விழித்திருக்கிறேன். கடற்காற்றில் கொஞ்சம் மணலும் சேர்ந்து வரும். மாலையில் சாலையை மூடிவிடுவதால் இரவுச் சாப்பாடு கிடையாது.

பாம்பன் மெஸ்ஸில் கடல் தெரியாது. ஆனால் சோறு உண்டு, புளி தூக்கலான குழம்பு உண்டு, நண்டு இருந்தால் அதுவும். குடும்பத்தோடு போனால் மெஸ்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அப்போது புது மீன் நாட்டுப்படகில்தான் வரும்; எங்கே போனாலும் நாட்டுப்படகு மீனா என்று கேளுங்கள்.